எவன் வந்தாலும் இதுதானா?

"எவன் வந்தாலும் இதுதான்." மட்டக்களப்பில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் காதில் விழும். மீன் விலையில் தொடங்கின கதை, மகனைக் கட்டாருக்கு அனுப்புற கதை, மாகாண சபைத் தேர்தல் எப்ப வரும் எண்ட கதை, எல்லாம் சுத்திச் சுத்தி இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். சொல்பவருக்குக் கோபம்கூட இருக்காது. சித்திரை வெயில் சுடும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பார்.

இதைச் சோம்பேறிப் பேச்சு எண்டு தள்ளிவிட எனக்கு மனமில்லை. எங்கட ஆக்கள் இந்த முடிவுக்கு வரக் காரணம் நிறைய இருக்கு. யுத்தம், 2004 சுனாமி, மாரிக்கு மாரி வெள்ளம், 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, கொரோனா, அதுக்குப் பிறகு 2022. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ படிவத்தோடு வந்து கணக்கெடுத்துப் போனார்கள். வாழ்க்கை பழைய இடத்துக்கு வருவதற்குள் அடுத்தது வந்தது.

ஆனால் இந்த வசனத்துக்குள் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கு. கடனும் விலைவாசியும் வெள்ளம் மாதிரித் தானாக வருகிறது, அதை யாரும் தீர்மானிப்பதில்லை என்ற எண்ணம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: கடனை யார் கட்டுவது என்பதை ஒவ்வொரு தடவையும் ஆட்கள் கூடியிருந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ஆட்கள் எடுத்த முடிவை ஆட்கள் மாற்றியும் இருக்கிறார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு கடன்

2007 ஜூலையில் குடும்பிமலை பிடிபட்டதோடு கிழக்கில் யுத்தம் முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கை முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் இறைமை முறி விற்றது. 500 மில்லியன் டொலர், வட்டி 8.25 வீதம், தவணை ஐந்து வருடம். அதுவரை நாடு வெளியில் வாங்கின கடன் பெரும்பாலும் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் போன்ற இடங்களில், குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணையில் வாங்கினது. அதன் பிறகு முகம் தெரியாத முதலீட்டாளர்களிடம், கூடின வட்டிக்கு, தவணை முடிகிற அன்று முதல் முழுவதையும் ஒரேயடியாகக் கட்டும் நிபந்தனையில் வாங்கத் தொடங்கியது. பழைய முறியைக் கட்டப் புது முறி விற்கிற பழக்கம் அப்படி வந்தது.

எங்கட பக்கம் 'கிழக்கின் உதயம்' எண்டு பெயர்ப்பலகை நட்ட காலம் அது. வீதி வந்தது, மின்சாரம் வந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது படுவான்கரைச் சனம் வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்துநின்ற காலம் முடிந்தது. நல்ல காரியம். அந்த வீதிகளாலும் பாலங்களாலும் நுண்கடன் கம்பெனிக்காரரின் மோட்டார் சைக்கிளும் வந்தது.

அந்தக் கடன் எப்படி இயங்குது எண்டு எங்கட அம்மாமாருக்கு விளக்கத் தேவையில்லை. நாலைந்து பெண்களை ஒரு குழுவாக்குவார்கள். காணி உறுதியும் வேண்டாம், நகையும் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரிதான் பிணை. கிழமைக்கு ஒரு நாள் சென்டர் கூட்டம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேணும், இல்லையெண்டால் கூட்டம் கலையாது. ஆகவே கம்பெனிக்குக் கடன் அறவிடுகிற வேலையில் பாதியை வெட்கமும் உறவும் செய்து கொடுக்கின்றன.

இந்தக் கடனுக்குத் தெரியாத ஒன்று பருவம். வாவியில் இறால் படுகிற மாதமும் உண்டு, வலையைக் காயப்போட்டுவிட்டு இருக்கிற மாதமும் உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகவும் ஏலாது. பெரும்போக வெள்ளாமை வெட்டும் வரைக்கும் வயல்காரன் கையில் காசில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மாரியிலும் செவ்வாய்க்கிழமைதான் நடக்கும். அதனால் முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதுக்கு மூன்றாவது, பிறகு தாலிக்கொடியை ஈடு வைப்பது. திறைசேரி கொழும்பில் இருந்து செய்ததும், வீட்டுக்காரி வவுணதீவில் இருந்து செய்ததும் அடிப்படையில் ஒரே வேலைதான்.

2018இல் கடனும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். சில நுண்கடன்களின் உண்மையான வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதாகவும், அறவிட வருபவர்கள் பெண்களிடம் பாலியல் சலுகை கேட்கிற சம்பவங்கள் இருப்பதாகவும் பதிவு செய்தார். அதே ஆண்டு அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை நிபந்தனையோடு தள்ளுபடி செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் அது கிடைக்கவில்லை. இருந்தாலும் ஒன்றை அது காட்டியது. அதுவரை 'வாங்கினா கட்டித்தானே ஆகணும்' எண்டு சொல்லப்பட்ட கடனை, ஒரு அமைச்சரவைத் தீர்மானம் அழித்தது.

2022: பில் யாருக்குப் போனது?

2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று இலங்கை அறிவித்தது. அந்தக் கடன் ஏறத்தாழ 51 பில்லியன் டொலர். இதற்கு வந்த வழியில் பல முடிவுகள் இருக்கு. முக்கியமான ஒன்று 2019 டிசம்பரில் எடுத்தது: கோட்டாபய ராஜபக்ச பதவிக்கு வந்த கையோடு வற் வரி 15 வீதத்தில் இருந்து 8 ஆக வெட்டப்பட்டது, கம்பெனிகளின் வருமான வரியும் குறைக்கப்பட்டது. 2022இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 7.3 வீதம்தான். உலகத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று.

இப்ப யார் கட்டினது எண்டு பார்ப்போம்.

முதலில் விலை மூலம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ஆனது. வாழைச்சேனையிலும் கல்லடியிலும் என்ஜின் போட்ட போட்டுக்காரர் எத்தனை நாள் கரையில் இருந்தார்கள் எண்டு அவர்களைக் கேட்டுப் பாருங்கள். முந்தின ஆண்டு இரசாயனப் பசளைத் தடையில் அடிபட்ட வயல்காரர் அப்போதுதான் எழும்பப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்தது வரி மூலம். வெட்டின வற் திரும்பி வந்தது: 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. வற் என்பது வருமானத்தைப் பார்க்காது. கோடீஸ்வரரும் கூலிக்காரியும் ஒரு சவர்க்காரக் கட்டிக்குக் கட்டுகிற வரி ஒரே தொகைதான். வரியை வெட்டின நேரம் கூடுதலாக மிச்சம் பிடித்தவர் ஒருவர், திரும்பக் கூட்டின நேரம் கூடுதலாக வலித்தது இன்னொருவருக்கு.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது, ஊழியர் சேமலாப நிதி மூலம். 2023 ஜூலை 1, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றியது. வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. தனியார் முதலீட்டாளர்கள் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களையும் தொடவில்லை. தொட்டது ஓய்வுகால நிதிகளை. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் தருகிற புது முறிகளை வாங்கவேண்டும், இல்லையெண்டால் வரி 14இல் இருந்து 30 வீதமாகும் என்றார்கள்.

வங்கியைத் தொட்டால் வங்கி விழும், வங்கி விழுந்தால் சாதாரண ஆக்களின் வைப்பும் போகும் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2022 கடைசியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு அரசு 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. அந்த நேரம் உண்டியல் வாங்கக் கையில் மேலதிகக் காசு வைத்திருந்தது யார்? காமென்ட் பிள்ளையோ, கடையில் நிற்கிற பெடியனோ இல்லை. அவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற 8 வீதமும் முதலாளி போடுகிற 12 வீதமும் அந்த நிதிக்குள் இருந்தது. 30 வீதம் வாங்கினவர் தப்பினார், அவர்களின் கிழட்டுக் காலத்துக் காசு மாட்டியது.

2024இல் வெளிநாட்டுக்காரரோடு பேச்சு முடிந்தது. கடன் தந்த நாடுகளின் குழு ஜூனில் பரிசில் ஒத்துக்கொண்டதன்படி, அவர்களுக்கு முதல் கட்டுவது 2028 வரை தள்ளிப்போனது, தவணை 2043 வரை நீண்டது. டிசம்பரில் இறைமை முறிக்காரரோடு முடிந்த உடன்பாட்டில் முதலில் 27 வீத வெட்டு. அதோடு ஒரு வாசகம்: நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அந்த வெட்டு குறையும், முறிக்காரருக்குக் கூடக் கிடைக்கும்.

இந்த வாசகத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாடு எழும்பினால் நியூயோர்க்கில் இருக்கிற நிதியத்துக்குப் பங்கு உண்டு. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளில் அப்படி வாசகம் இல்லை, நாடு எழும்பினாலும் 9 வீதம்தான். நாட்டின் கடனுக்கு மூச்சுவிட வருடங்கள் கொடுத்தார்கள், நிலைமை பார்த்துத் தவணை எழுதினார்கள். வாவிக்கரையில் இருக்கிற பெண்ணின் கடனுக்கு மாரி மூன்று மாதத்தைத் தள்ளிவைக்கிற ஒரு வரி கூட யாரும் எழுதவில்லை. எழுதுவது எப்படி எண்டு அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு 2024 உடன்பாடுகளே சாட்சி.

காசு இல்லாத நாடா?

"நாட்டில காசு இல்ல, என்ன செய்யிற?" என்பது அடுத்த பேச்சு. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஆசிய-பசிபிக் மனித அபிவிருத்தி அறிக்கை சொல்வது வேறு. இலங்கையில் தனியாருக்குச் சொந்தமான சொத்தில் 31 வீதம் உச்சியில் இருக்கிற 1 வீதத்தினரிடம். கீழே இருக்கிற அரைவாசிச் சனத்திடம் 4 வீதத்துக்கும் குறைவு. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் சுமார் 11 வீதமாக இருந்த வறுமை 2023இல் கிட்டத்தட்ட 26 வீதம். அரசிடம் காசில்லை என்பது உண்மை. நாட்டில் காசில்லை என்பது பொய்.

சொத்துக்கு வரி போடுவது யாரோ இப்ப கண்டுபிடித்த புதுமையும் இல்லை. 1950களின் கடைசியில் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையில் இலங்கை சொத்து வரி கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்திலேயே ஆதன வரியும் மரபுரிமை வரியும் 2025இல் வரும் எண்டு எழுதியிருந்தது. பிறகு அது வாடகைப் பெறுமதிக்கான வரியாகச் சுருங்கி, பிறகு அதுவும் பின்னுக்குப் போனது. வற் கூட்டுவது மட்டும் ஒரு நாளும் பிந்தவில்லை.

1953இன் இரண்டு பக்கம்

ஒரே ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1953 பெப்ரவரியில் இலண்டனில் ஒரு உடன்படிக்கை. யுத்தத்தில் உலகத்தை அழித்த ஜேர்மனியின் வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழ அரைவாசியைக் கடன்காரர்கள் தள்ளுபடி செய்தார்கள். மிச்சத்தையும் ஏற்றுமதியில் உழைத்துக் கட்டக்கூடிய அளவுக்குப் பிரித்தார்கள். கையெழுத்துப் போட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று! அதற்கு முந்தின ஆண்டு மேற்கு ஜேர்மனி தன் நாட்டுக்குள் யுத்தத்தில் சொத்துத் தப்பினவர்களிடம், அந்தச் சொத்தின் பெறுமதியில் அரைவாசியை 30 வருடத் தவணையில் அறவிட்டு, எல்லாம் இழந்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் சட்டத்தைப் போட்டிருந்தது. இன்று பணக்கார ஜேர்மனி எண்டு நாங்கள் வாய் பார்க்கிற நாடு அப்படித்தான் எழும்பியது.

அதே 1953இல், ஜேர்மனிக்கு விட்டுக்கொடுத்த அதே இலங்கை அரசு, தன் சனத்திடம் கறாராக நின்றது. கொரிய யுத்தத்தால் வந்த இறப்பர் விலை விழுந்து அந்நியச் செலாவணி குறைந்தது. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமானது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால். இடதுசாரிகள் முன்நின்றார்கள், தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலில் ஏறியிருந்து கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அடுத்து வந்த அரசு அரிசி விலையை இறக்கியது.

'கட்டமுடியாத கடன்', 'மாற்றமுடியாத விலை' என்ற இரண்டும் அந்த ஒரே ஆண்டில் மாறின.

அவநம்பிக்கைக்கு எங்கட காரணம்

இதைக் கேட்டால் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "2022இலயும்தான் சனம் இறங்கிச்சு, ஜனாதிபதியே ஓடினார். பிறகென்ன, வற் 18 ஆச்சு." சரியான கேள்வி. என் பதில் இதுதான். ஆளைத் துரத்துவது ஒரு வேலை, பில்லை எழுதுவது இன்னொரு வேலை. பில் எழுதப்பட்டது காலிமுகத்திடல் வெறிச்சோடின பிறகு, திறைசேரி அறைகளுக்குள், அந்தச் சனிக்கிழமைப் பாராளுமன்றத்தில். அந்த நேரம் ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கத்தினது சில தொழிற்சங்கங்கள்தான். எங்கட ஊரில் அது ஒரு செய்தியாகக்கூட நிற்கவில்லை.

நாங்கள் அரகலயவில் இருந்து விலகி நின்றதற்கும் காரணம் உண்டு. யுத்த காலத்தில் வவுணதீவுச் சோதனைச்சாவடி தாண்டிச் சாமான் கொண்டுபோகவே கட்டுப்பாடு இருந்தபோது தெற்கில் யாரும் வரிசையில் நின்று கவலைப்படவில்லை. அந்த ஞாபகம் பொய்யில்லை. 2024 நவம்பரில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி வெல்லாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. யாழ்ப்பாணமே மாறின நேரம் நாங்கள் தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம் கொடுத்தோம். அதைப் பிற்போக்கு எண்டு கொழும்பில் இருந்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காணியும் மேய்ச்சல் தரையும் பறிபோகிற இடத்தில் சனம் தன் பெயர் சொல்கிற கட்சியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் காணிக்கு வாக்குக் கேட்டு வந்தவரிடம் கடனைப் பற்றிக் கேட்காமல் விடுகிறோம். 'அது தேசியப் பிரச்சினை, எங்களுக்கு வேற பிரச்சினை' எண்டு அவர் தப்பிக்கிறார். கிழமைக் கடனுக்கு இனம் தெரியாது. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தில், எங்களுக்கு அடுத்த பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனில் சிக்கின சிங்களப் பெண்கள் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வாரக்கணக்கில் இருந்தார்கள். ஏறாவூரிலும் வாகரையிலும் இருக்கிற பெண் கட்டுகிற அதே கடன், அதே மாதிரிக் குழு. எங்கட ஊரில் இருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான்.

அவநம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்கவேணும். 2022இல் மட்டும் 3 இலட்சத்து 11 ஆயிரம் பேர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். போகக்கூடியவன் போகிறான், அது அவன் உரிமை. அவன் அனுப்புகிற டொலரும் கடைசியில் அந்த முறிக்காரருக்குக் கட்டத்தான் உதவுது. இங்கு மிஞ்சுவது தாயும், மனைவியும், கிழமைக் கூட்டமும்.

என்ன கேட்கலாம்?

பெரிய புரட்சித் திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. கேட்கக்கூடிய மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, நுண்கடனுக்குப் பருவ வாசகம். மீன்பிடிக் குடும்பத்துக்கும் வயல் குடும்பத்துக்கும் உழைப்பில்லாத மாதங்களில் தவணை நிற்கவேணும், வட்டி ஏறக்கூடாது. ஒருத்தியின் கடனுக்கு அயல்வீட்டுக்காரியை மறிக்கிற முறை சட்டத்தால் தடைப்படவேணும். கம்பெனிக்கு மாற்றாகக் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளுக்கும் மாதர் சங்கங்களின் சுழற்சிக் கடனுக்கும் அரசு முதல் போடவேணும்.

இரண்டு, வெளிநாட்டு முறிக்காரருக்குக் கொடுத்த வளர்ச்சி வாசகத்தை ஊழியர் சேமலாப நிதிக்கும் கொடுக்கவேணும். நாடு எழும்பினால் தையல் மெசினில் இருந்தவளுக்கும் பங்கு வரட்டும்.

மூன்று, பின்னுக்குத் தள்ளின ஆதன வரியையும் மரபுரிமை வரியையும் திகதி போட்டுக் கொண்டுவரவேணும். வருகிற பணத்தில் முதல் வேலையாக அத்தியாவசியப் பொருட்களின் வற்றைக் குறைக்கவேணும்.

இதில் ஒன்றுகூட உடனே நடக்காமல் போகலாம். ஆனால் 2025 மே மாதம் நாங்கள் தெரிவு செய்த பிரதேச சபை உறுப்பினர் இப்ப எங்கட வீதியால்தான் போய்வருகிறார். முதலாவதுக்கு ஆதரவாக ஒரு சபைத் தீர்மானம் கொண்டுவர அவரால் ஏலும். பாராளுமன்றத்தில் இருக்கிற ஐந்து பேருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும், மற்ற இரண்டையும் கேள்வியாக எழுப்ப ஏலும். கேட்டார்களா, இல்லையா எண்டு ஹன்சாட்டில் பதிவிருக்கும். இந்த வருடம் அதை எடுத்து வாசிக்கிற வேலையை எங்களைப் போல நாலு பெடியன் பெட்டைகள் சேர்ந்து செய்யலாம். யார் கேட்டார், யார் கேட்கவில்லை எண்டு பெயரோடு எழுதிப் போடலாம்.

அடுத்த தடவை கடையில் யாராவது "எவன் வந்தாலும் இதுதான்" எண்டு சொன்னால், அவரோடு வாதாட வேண்டாம். 2022க்குப் பிறகு உங்கட வீட்டுக் கணக்கில் என்னென்ன கூடினது எண்டு கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் எந்தத் திகதியில், யார், எங்க வைச்சு முடிவெடுத்தார்கள் எண்டு எடுத்துச் சொல்லுங்கள். எல்லாத்துக்கும் திகதி இருக்கு.